வெந்நீர்க் குளத்தில் ஒரு கை தீர்த்தம்

வேனை விட்டு இறங்கியதுமே பொன்னுத்தாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காரைக்குடியிலிருந்து பதினெட்டுப் பேராகக் கிளம்பி, இரண்டு விமானம் மாறி, பாலித் தீவுக்கு வந்து பார்க்க வேண்டிய லட்சணமா இது? எந்தக் காலத்திலோ வெடித்து அடங்கிய எரிமலையாம். அதன் அடிவாரத்தில் வெந்நீர்க் குளமாம். கூமுட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு தடித்த வெள்ளைக்காரர் குளத்தில் காலை விட்டுக் குதிகால் வெடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உரிந்த தோல் நீரில் மிதந்தது. சீச்சீ! அவள் குடியிருக்கும் அரியக்குடியில் மாடு குளிப்பாட்டும் கண்மாய்த் தண்ணீர் இதற்கு எவ்வளவோ தேவலை.

அவள் ஊர் பார்க்கவா வந்தாள்? மகள் சத்தியப்பிரியா மூன்று மாதமாகப் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "அந்த வீட்ல இருக்க முடியலம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. காரைக்குடிச் செக்காலையிலிருந்து அவளுடைய மாமியார் சந்திரலேகா, "நாங்க டூர் போறோம், நீங்களும் வாங்க மதினி. அங்குட்டு வச்சுப் பேசிக்கிருவோம்" என்றதும் பொன்னுத்தாயி பெட்டியைக் கட்டிவிட்டாள். பெண்ணைக் கொடுத்தவள் பணிந்துதானே போக வேண்டும்?

சந்திரலேகா குனிந்து குளத்து நீரை அள்ளினாள். "இந்தாங்க மதினி, தீர்த்தம்!"

கோயில் பழக்கம் பொல்லாதது. புத்தி விழிக்கும் முன்பே பொன்னுத்தாயியின் வலக்கை இடக்கைமேல் குழிந்து நீண்டுவிட்டது. நீட்டிய கையை எப்படி மடக்குவது? சம்பந்தி கொடுத்த தீர்த்தத்தை மறுத்தாள் என்று செக்காலை முழுக்கப் பேச்சாகிவிடும். வெதுவெதுப்பாக விழுந்த நீரில் யாருடையதோ ஒரு முடி சுருண்டு கிடந்தது.

"என்ன பாக்குறீக? குடிங்க. ஊருக்குப் போனதும் சத்தியாவ அனுப்பி வைங்க."

முடியை ஒதுக்கிவிட்டு, கண்ணை இறுக மூடி விழுங்கினாள். உடம்பெல்லாம் கூசியது. ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டே, "நீங்க குடிக்கலையா மதினி?" என்று கேட்டாள்.

"ஐய, இந்தக் கருமத்த யாரு குடிப்பா! குடிக்காதீகன்னு கைடு வேன்லயே சொன்னாரே, நீங்கதான் தூங்கிட்டீக. நாஞ் சொன்னாக் கேப்பீகளான்னு பாத்தேன்."

சந்திரலேகா விரல் விரலாகக் கைக்குட்டையில் துடைத்தபடி சிரித்தாள். அதில் கோபமில்லை, வன்மமில்லை; நன்றாக ரசித்துச் சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் பொன்னுத்தாயிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கரையிலேயே குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மூணு மாசமா எம் மகளத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தேன் மதினி. இனி அவ அங்க வரமாட்டா."