வேலியில் ஓட்டை: மாற்றமில்லை

பொகோட்டாவில் ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தின் வாசலில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று நேர்மையாகவே சொல்கிறேன். நிற்கும் காவலாளிகளை வங்கிகளில்தான் பார்க்கலாம். யார் வந்தாலும் பெயர், நேரம், வந்த காரணம் மூன்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. பிறகு அங்கே தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு போட்டார்கள். அந்தக் கதவு யாரிடமும் காரணம் கேட்பதில்லை. கடைசி நாள் நான் வெளியே போனபோது என்னிடமும் கேட்கவில்லை. மரியாதையாகத் திறந்துவிட்டது.

அதன்பின் மூன்று வாரம் என் தங்கை ரொசால்பாவின் வீட்டில் இருந்தேன். பழக்கதோஷம், நான் என்ன செய்ய? நான்காம் வாரம் அவள் கத்தினாள்:

"குளிக்கப் போறதுக்கு எல்லாம் உங்ககிட்ட காரணம் சொல்லணுமா? அந்தத் தோட்டத்துப் பக்கம் போங்க. ஆள் வேணும்னு இஸ்மேனியா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

எங்கள் பேட்டையின் மேட்டில் முன்பு குப்பை கொட்டிய மனையில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து போட்ட காய்கறித் தோட்டம் அது. தோன்யா இஸ்மேனியாதான் தலைவி; எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்ணைத் தோன்யா, ஆணைத் தோன் என்போம். எழுபது வயது, ஒரு முழங்கால் மட்டும் நூற்றுப் பத்து. முதல் நாள் நான் ஒரு பாத்தி முழுக்கக் களை எடுத்தேன். அது கொத்தமல்லி என்று பிறகு தெரிந்தது. அவர் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, வாசல் கேட்டின் சாவியைக் கொடுத்தார்.

"இதை வச்சுக்குங்க, தோன் எவரிஸ்தோ. இதால எந்தச் செடிக்கும் ஆபத்தில்ல."

மறுநாள் புது ரிஜிஸ்டர் வாங்கினேன். தகரக் கூரையின்கீழ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் காபி, மேலே கம்பளிப் போர்வை. காலை ஆறு மணிக்குச் சங்கிலியை அவிழ்ப்பேன். வருகிறவர்கள் நிற்பார்கள், நான் கேட்பேன், எழுதுவேன், உள்ளே விடுவேன். மாலையில் கடைசி வரி: "பணியில் விசேஷம் ஏதுமில்லை. வேலியில் ஓட்டை: மாற்றமில்லை."

ஓட்டை பின்பக்கம், உரக்குழிக்கு அப்பால் இருந்தது. ஆளும் நாயும் ஜோடியாக நுழையலாம். கம்பி வாங்கி அடைத்துவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இஸ்மேனியா. நானும் வற்புறுத்தவில்லை. பதினான்கு மாதத்தில் ஒருவர்கூட அந்த வழியாக வரவில்லை. அதற்கு என் முகத்தில் உள்ள கண்டிப்புதான் காரணம் என்று நம்பினேன்.

காரணம் கேட்டால் முதலில் எல்லோரும் "தண்ணி ஊத்த" என்பார்கள். நான் பேனாவை எடுக்காமல் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடத் தொழில். பொய் சொல்லி லிஃப்ட் ஏறப் பார்த்த எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் உண்மை வரும். எழுதிக்கொள்வேன்.

அப்போதுதான் நகராட்சிக் கடிதம் வந்தது. மனையைக் கார் நிறுத்துமிடமாக்க யோசனை. தோட்டம் நீடிக்க வேண்டுமானால், ஒரு வருடத்துக்குக் குறையாமல் வந்துபோகும் தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒவ்வொருவரும் ஏன் வருகிறார் என்பதற்குப் பதிவும் வேண்டும். ஆய்வு வியாழன் காலை ஒன்பது மணி.

இஸ்மேனியா எங்களை வட்டமாக உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார்.

"தோன் குமெர்சிந்தோ, நீங்க ஏன் வர்றீங்க?"

டாக்சி ஓட்டி ஓய்ந்த குமெர்சிந்தோ எழுந்து நின்றார். "உணவுப் பாதுகாப்புக்காக."

"போன வாரம் காலநிலை மாற்றம்னு சொன்னீங்க."

"அது டீச்சர் நூபியாவோடது. நான் அவங்களோடதைத் திருட மாட்டேன்."

என்னை யாரும் ஒத்திகை கேட்கவில்லை. நான் கேட்கிற பக்கம்.

வியாழன் அன்று சொந்தக் காசில் ஒரு சுருள் கம்பி வாங்கி நாற்காலிக்கடியில் வைத்தேன். ஆய்வு முடிந்ததும் ஓட்டையை அடைத்துவிட வேண்டும், இனி நகராட்சி வந்து போகிற இடம். கழுத்தில் டை. நம்ப மாட்டீர்கள், வாசலில் நின்றுகொண்டும் இருந்தேன். மற்றவர்களும் என்னோடு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல். ஒன்பது பத்துக்கு என் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

கையில் கோப்பு, செருப்பில் உரக்குழிச் சேறு. நகராட்சி அதிகாரி மார்லெனி.

"டாக்டரம்மா, எப்படி உள்ள வந்தீங்க?" எங்கள் ஊரில் கோப்பு வைத்திருப்பவர் எல்லோரும் டாக்டர்தான்.

"பின்னால வேலி திறந்துதானே கிடக்கு? பஸ் ஸ்டாப்பிலேர்ந்து அதுதானே கிட்ட."

ரிஜிஸ்டரைத் திறந்தேன். பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். காரணம் கேட்டேன். "வேலை" என்றார். பார்த்தேன், உண்மைதான் போலிருந்தது.

"வருகைக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இவ்வளவு அழகான கேள்வி கேட்டதில்லை. ரிஜிஸ்டரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன். இஸ்மேனியாவின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

அதிகாரி உரக்கப் படித்தார்.

"7.10. இஸ்மேனியா. காரணம்: மருமகள் வீட்டில் இருக்கிறாள். 7.30. குமெர்சிந்தோ. காரணம்: உட்கார. மண்வெட்டியைத் தொடவில்லை. 8.05. நூபியா. காரணம்: வெங்காயம் நடுவதாகச் சொன்னார். உண்மைக் காரணம்: அழ. இருபது நிமிடம். வெங்காயம் பொறுப்பல்ல."

குமெர்சிந்தோ பக்கத்திலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"மறுநாள் நட்டேனே, அதை எழுதலையா?" என்றார் நூபியா.

"எழுதியிருக்கேன் டீச்சர். அடுத்த பக்கம்."

அதிகாரி பக்கம் புரட்டிப் பெயர்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். "பதினொண்ணு. பன்னிரண்டு வேணுமே. இதையெல்லாம் எழுதினது யாரு?"

"நான்தான்."

"உங்க பேரு எங்க?"

"காவலாளி தன் பேரை எழுத மாட்டான், டாக்டரம்மா. நான் வந்துபோற ஆள் இல்ல. டியூட்டியில இருக்கறவன்."

"சம்பளம் யாரு தர்றாங்க?"

குமெர்சிந்தோ உதவிக்கு வந்தார். "நாங்க காபி தர்றோம்."

"காபி நான்தான் கொண்டாரேன்" என்றேன்.

"அப்ப நீங்க தன்னார்வலர்" என்றார் அதிகாரி. "ஒரே ஒரு வரி எழுதுங்க. பேரு, நேரம், காரணம். எழுதலைன்னா பதினொண்ணுதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பேனாவை என்னிடம் நீட்டினார். ஒரு வரிதான். ஆனால் அந்த வரியை எழுதினால், எனக்கு வேலை போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது என்று என் கையெழுத்திலேயே ஆகிவிடும். அதுவரை அது கண்ணாடிக் கதவுக்கும் ரொசால்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. எழுதாவிட்டால் நூபியாவின் வெங்காயத்தின்மேல் கார் நிற்கும். பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

அதிகாரி காத்திருந்த நேரத்தில் தன் கோப்பிலிருந்த முகவரிப் பட்டியலைப் பார்த்தார். "எல்லாருக்கும் வீடு பின்தெருவா? ஓட்டைக்கு எதிர்லயே? அப்புறம் ஏன் நாலு தெரு சுத்தி மேடேறி இந்த வாசலுக்கு வர்றீங்க?"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கீரைப் பாத்தியைப் பார்த்தார்கள். நான் இஸ்மேனியாவின் முழங்காலைப் பார்த்தேன்.

"ஏன் தோன்யா?"

"வாசல்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். நான் பேனாவை எடுக்காமல் பார்த்தேன். அவருக்கு அந்தப் பார்வை தெரியும்.

"சரி, போங்க! வீட்டுல நான் வெளிய போனாலும் தெரியாது, திரும்பி வந்தாலும் தெரியாது. ஓட்டை வழியா வந்தா இங்கயும் அதே கதைதான். வாசல்ல ஒரு மனுஷன் உக்காந்துக்கிட்டு எங்க போறீங்க, ஏன் போறீங்கன்னு கேக்கறான். எழுதி வேற வச்சுக்கறான். அதுவும் என் பேரைத் தப்பாத்தான் எழுதறான்."

"அது தவிர, நீங்க பாவம்ல" என்றார் குமெர்சிந்தோ. நூபியா அவர் காலை மிதித்தார்.

"எழுதுங்க எவரிஸ்தோ" என்றார் நூபியா. "மழை வலுக்குது."

'காலநிலை' என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. அடித்துவிட்டு, இப்படி எழுதினேன்: "6.00. எவரிஸ்தோ சிதிவா. தன்னார்வலர். காரணம்: உள்ளே விட ஆட்கள் தேவைப்பட்டார்கள்."

அதிகாரி படித்தார். அவருடைய படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள்: உணவு, சூழல், சமூகம், மற்றவை. பன்னிரண்டு பேரையும் 'மற்றவை'யில் போட்டு, மூன்று வருட அனுமதிக்குக் கையெழுத்து வைத்தார். கோப்பை மூடி, நேராக உரக்குழிப் பக்கம் நடந்தார்.

"டாக்டரம்மா" என்றார் இஸ்மேனியா. "வாசல் இந்தப் பக்கம்."

"பஸ் ஸ்டாப்..."

"தெரியும். நாலு தெரு."

அதிகாரி எங்கள் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து என் முன்னால் நின்றார். வெளியேறிய நேரத்தை எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டேன்.

மதியம் நாற்காலிக்கடியிலிருந்த கம்பிச் சுருளை எடுத்து இஸ்மேனியாவிடம் கொடுத்தேன். "பட்டாணிக்கொடி படர ஏதாச்சும் வேணும்னு சொன்னீங்களே."

"இது வேலிக்குன்னுல்ல வாங்கினீங்க?"

"பட்டாணிக்குத்தான்."

அவர் என்னை, நான் வாசலில் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பிறகு கம்பியை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் கடைசி வரியை வழக்கம்போல எழுதினேன்.