அண்ணியின் இன், ஆன், அட்

ஆங்கிலத்தின் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான். அதிலிருக்கிற பெரிய பெரிய சொற்களெல்லாம் சமர்த்தாகத்தான் இருக்கின்றன. இந்த இன், ஆன், அட், ஆஃப், டு என்கிற பொடிசுகள்தான் உயிரை வாங்குகின்றன. நாம் சொல்லின் பின்னால் வால் மாதிரி ஒட்டுவதை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். சரி, நிறுத்தினால் ஒழுங்காகவாவது நிறுத்தக்கூடாதா? கிழமைக்கு ஆன், மாதத்துக்கு இன், மணிக்கு அட். காலையில் என்றால் இன், ராத்திரி என்றால் அட். ராத்திரி என்ன பாவம் செய்தது என்று கேட்டால் எந்த வாத்தியாரும் வாய் திறப்பதில்லை.

இவ்வளவு திட்டுகிறேனே தவிர, அந்தப் பொடிசுகளில் ஏதாவது ஒன்று காதில் விழுந்தால் போதும், எனக்கு அண்ணி ஞாபகம் வந்துவிடும். கூடவே சூடான பருத்தித் துணியின் வாசனையும் வரும்.

அப்போது எங்கள் வீட்டின் முன்னறைதான் சலவைக்கடை. நடுவில் நீளமான இஸ்திரி மேசை, மூன்று பக்கமும் கூரை வரைக்கும் தட்டுகள், கதவுக்குப் பின்னால் கோட்டுகள் தொங்கும் கம்பி, மூலையில் அழுக்குக் கூடைகள். துவைக்கிற எந்திரம் பின்கட்டில் உறுமிக்கொண்டிருக்கும். அம்மா முதலாளி. நானும் அண்ணியும் சம்பளமில்லாத சிப்பந்திகள். கடையில் அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரு துணியை எங்கே வைத்தாலும், வைக்கிறவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாப்பிள்ளையின் கோட்டு போர்வைக் குவியலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கல்யாணம் முடிந்த பிறகு வெளியே வந்ததாம். அதிலிருந்து இந்தச் சட்டம். "நீலச் சட்டை, மேல் தட்டு", "வெள்ளை விரிப்பு, ஜன்னல் பக்கம்" என்று நாள் முழுக்க ஏலக்கடை மாதிரி கத்திக்கொண்டிருப்போம்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே அண்ணன் வேறொரு நாட்டுக்கு ரொட்டிக்கடை வேலைக்குப் போய்விட்டான். அவளும் அங்கே போக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். முதல் தடவை போனாள், தோற்றுத் திரும்பினாள். அழுக்குக் கூடை மேல் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய தலையணை உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் தொலைபேசியில் "பரவால்ல, பரவால்ல" என்று சொன்ன குரலில் பரவாயில்லை என்பது துளிகூட இல்லை.

"எல்லாம் இந்தச் சின்னச் சின்ன வார்த்தையிலதான் போச்சு," என்றாள் அண்ணி. "ஐ ஆம் மேரீட் வித்னு சொன்னேன். டு-ன்னு சொல்லணுமாம். ஒருத்தர்கூடத்தானேடி கல்யாணம் பண்ணிக்கறோம்?"

"அவங்க ஊர்ல ஒருத்தருக்குப் பண்ணிக்கறாங்களாம், விடுங்க."

"கோவம் வந்தா ஆன் இல்ல, வித்-ஆம். உங்க அண்ணன்மேல கோவம்னு எப்படித்தான் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் கொஞ்சமாவது ஆங்கிலம் படித்தவள் நான்தான். அண்ணி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

"சொல்லித் தரேன் அண்ணி. ஆனா நீங்க போறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்டி," என்றாள். "நீ திட்டித் திட்டிச் சொல்லிக்குடு, போதும்."

அம்மாவின் சட்டத்தையே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மறுநாளிலிருந்து எங்கள் கூச்சல் மாறியது. நீலச் சட்டை ஆன் த டாப் ஷெல்ஃப். சாக்ஸ் இன் த பாஸ்கட். கோட் பிஹைண்ட் த டோர். தப்பாகச் சொன்னால் துணியைத் திரும்ப எடுத்து, சரியாகச் சொல்லி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அண்ணி ஒரே துவாலையைத் தூக்கிக்கொண்டு தட்டுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தாள். அம்மாவுக்குத் தலை சுற்றியது.

"ஏண்டி, அந்த வக்கீல் கோட்ட எங்கடி வெச்சீங்க? மனுஷன் வாசல்ல நிக்கறாரு!"

"பிஹைண்ட் த டோர் அத்தை!"

"டோர் எந்தத் தட்டுடி?"

வக்கீல் வாசலில் நின்று சிரித்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டியே வேண்டியிருக்கவில்லை, துணி தானாகவே சுருக்கம் நீங்கியிருக்கும்.

அந்த நாட்கள் மாதிரி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. ஆவி பறக்கும் மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். போர்வை மடிக்கும்போது ஆளுக்கிரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வருவோம், விலகிப் போவோம். நெருங்கும்போது டுவர்ட்ஸ், விலகும்போது அவே ஃப்ரம். சாப்பாட்டு நேரத்தில் தட்டைச் சுற்றி, தட்டுக்குக் குறுக்கே, தட்டுக்கு மேலே என்று கரண்டியை வைத்துக் காட்டுவேன். கொஞ்ச நாளிலேயே அவள் கடைக்குள் தப்பே விடுவதில்லை. நான் தடுமாறுகிற இடத்தில்கூட அவள் சரியாகச் சொல்வாள். பெருமையாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். அவள் ஒவ்வொரு துணியையும் சரியாக வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததை ஒளிக்கவும் மாட்டேன். "போங்க, போங்க, ரொட்டி தின்னுட்டு அங்கயே கெடங்க," என்பேன்.

தேர்வில் ஒரு பகுதி உண்டு. உங்களுக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி நிறுத்தாமல் பேச வேண்டும். முதல் தடவை அண்ணி கவிழ்ந்தது அங்கேதான். அதனால் இம்முறை அண்ணனே ஒரு பேச்சைத் தயார் செய்து அனுப்பியிருந்தான். என் கணவர் ஒரு பரபரப்பான தெருவின் முனையில் உள்ள ரொட்டிக்கடையில் வேலை செய்கிறார், ஆற்றுக்கு எதிரே ஒரு மாடியறையில் வசிக்கிறார் என்று ஜோராகப் போகும். அண்ணி அதை மனப்பாடம் செய்தாள். குளிக்கும்போது சொன்னாள், பித்தான் தைக்கும்போது சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தடுக்கி விழுந்தாள். இன் த கார்னரா, ஆன் த கார்னரா, அட் த கார்னரா என்று அந்தத் தெருமுனையிலேயே நின்றுவிடுவாள்.

"கடைல இருக்கற அம்பது துணிக்கும் டாண் டாண்ணு சொல்றீங்க. அண்ணன் கடைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஒருநாள் கத்தினேன்.

அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் அந்தக் கடையப் பாத்ததே இல்லையேடி. அந்த ஆறு எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. உங்க அண்ணன்கூட இருந்ததே கொஞ்ச நாள்தான். அவரு எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாருங்கறதுகூட மறந்துபோச்சு."

அந்தத் துணியை வாங்கி மீதிப் பித்தானை நானே தைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. இந்தத் தடவையும் தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணி, அம்மா தேய்த்துக் கொடுத்த வெளிர் மஞ்சள் உடையில் போனாள். கூடப் போனது நான். கட்டடத்துக்குள் துணைக்கு வந்தவர்களை விடவில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் தேறவேண்டும் என்று ஒரு மனது. தேறாமல் போனால்தான் என்ன என்று இன்னொரு மனது. இரண்டும் என் மனதுதான், என்ன செய்ய?

வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததும் போச்சு என்று நினைத்தேன். உதடு வெளுத்திருந்தது.

"என்னாச்சு?"

"ஆரம்பிச்சேன்டி. மை ஹஸ்பண்ட்னு ஆரம்பிச்சேன். அந்தத் தெருமுனைக்கு வந்ததும் நின்னுட்டேன். ஒண்ணுமே வரல. கேள்வி கேட்ட அம்மா மார்க் கொறைக்கப் பேனாவத் தூக்கிட்டாங்க."

"அய்யோ."

"சாரின்னு சொன்னேன். வேற ஒருத்தரப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். பேசுங்கன்னாங்க."

"யாரப் பத்திப் பேசினீங்க?"

"உன்னப் பத்தித்தான். வேற யாரு இருக்கா எனக்கு?"

பிறகு அந்த நிறுத்தத்தில் நின்றபடியே, உள்ளே சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னாள், ஆங்கிலத்தில். என் நாத்தனார் மேசைக்கு அந்தப் பக்கம் எனக்கு எதிரே நிற்பாள். காலையில் என்மேல் கோபமாக இருப்பாள், மத்தியானத்துக்குள் தணிந்துவிடுவாள். தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைப்பாள். அத்தை திட்டும்போது எனக்கும் அத்தைக்கும் நடுவில் வந்து நிற்பாள். ராத்திரியில் நான் அழுதால் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வாள். என் வாயிலிருந்து ஒரு சொல் சரியாக வந்தால் அவளுக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்து வரும்.

பழக்கதோஷம், நான் தப்பைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கடைத் தட்டில் துணி வைப்பது போல ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ராத்திரிக்கு அட் வந்தது. கோபத்துக்கு வித் வந்தது. எங்கேயும் அவள் நிற்கவில்லை.

"நல்லாப் பேசினேனா?" என்று பயந்தபடி கேட்டாள். "உங்க அண்ணன் எழுதிக் குடுத்ததச் சொல்லாம விட்டுட்டேனே. கோச்சுக்குவாரா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவு வர இன்னும் எத்தனையோ நாள் ஆகும் என்றார்கள், ஆனால் எனக்கு அங்கேயே, அப்போதே தெரிந்துவிட்டது. அவளை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போனது அண்ணன் அல்ல. என்னைப் பற்றி அவள் தப்பில்லாமல் பேசிய பேச்சுதான்.

"பாஸ் அண்ணி," என்றேன்.

"இன்னும் ரிசல்ட்டே வரலயேடி."

"பாஸுன்னா பாஸு." நிறுத்தத்திலிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, தான் தோற்றுவிட்டதால்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து, "அழாதடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம், நான் எங்கயும் போகல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.