பாதி ஒட்டிய கண்ணாடி

கட்டையனுக்குக் கால்கள் குட்டை. வாசலில் மணி அடித்தால் போதும், குரைத்துக்கொண்டே ஓடி வந்து நாற்காலியில் ஏறுவான். சாப்பாட்டு மேசைமேல் முன்னங்கால்களைப் போட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பான். மேசைமேல் விரித்துக் கிடக்கும் கண்ணாடிப் பலகை ஒரு விரற்கடை நகரும்.

மூன்றாவது முறை நகர்ந்தபோது அக்கா வீட்டுக்காரரின் கோப்பை விழுந்து உடைந்தது. நான் மாமா என்று கூப்பிட வேண்டியவர். கூப்பிட்டதில்லை.

"இன்னொரு தடவை நகரட்டும். நாயைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டுட்டு வந்துடுவேன்" என்றார். சொன்னால் செய்வார்.

அக்கா என்னைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் சிரித்தார். "நாய்க்கு பிரேக் போட முடியாது, கண்ணாடிக்குப் போடலாம்." பன்னிரண்டு ரப்பர் பொத்தான்களை எண்ணித் தந்தார். "மரத்தை நல்லாத் துடைச்சுக் காயவிட்டு, சுத்தி ஒட்டும்மா. கண்ணாடியை ரெண்டு பேராத் தூக்கணும், தனியா வேண்டாம்."

அக்காவுக்கு எட்டாம் மாசம். "மாமாகிட்ட கேளுடி. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

இரண்டு நாள் அவர் எதிரே போய் நின்றேன். "என்ன?" என்பார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

மூன்றாம் நாள் நானே கண்ணாடியின் வாசல்பக்க முனையைத் தூக்கி, என் பழைய அறிவியல் புத்தகத்தை அடியில் செருகி, ஆறு பொத்தான்களை ஒட்டினேன். சுவரோர முனை என்னால் அசையவில்லை. கட்டையன் தாவுவது இந்தப் பக்கம்தானே, போதும் என்று நினைத்தேன். அன்று மணி அடித்தது, தாவினான், கண்ணாடி நகரவில்லை. ஐந்து நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் மாலை மாமா சுவரோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். கட்டையன் என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமா எழுந்திருக்க மேசையில் கையை ஊன்றினார். அந்த முனை வழுக்கிச் சுழன்றது. கண்ணாடி சரிந்து தரையில் நொறுங்கியது. அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, என்னங்க ஆச்சு?"

"உன் நாய்தான். வேற யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ இங்கதானே இருந்தே? அவனா தாவுனான்?"

மாமாவும் என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண் வெறும் மேசைக்குப் போனது. ஒரு முனையில் ஆறு பொத்தான்கள், மறுமுனையில் ஒன்றுமில்லை. அரைகுறையாய் ஒட்டியது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கை ஊன்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லேன்டி, உன்னத்தான்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்கா கட்டையனைப் பார்த்து, "பாவிப் பயலே, எத்தனை தடவை சொன்னேன்" என்று அழுதாள். அவன் வாலை ஆட்டினான்.

மாமா கைக்குத் துணி சுற்றிக்கொண்டு கார்க் கதவைத் திறந்தார். ஊர்சுற்றப் போகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, கட்டையன் ஓடினான். குட்டைக் கால் எட்டவில்லை. இரண்டு முறை தாவிச் சறுக்கினான்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தூக்கி விடு" என்றார்.

தூக்கி விட்டேன்.