பலகையின் இரண்டாவது வரி

1

இந்தக் கதை ஓர் ஆங்கிலப் பெயரடையில் பிறந்தது. ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில், லைனுக்கு மேலே தொங்கும் மின்பலகையில் அதைப் பார்த்தேன். முதல் வரி, பிளான். இரண்டாவது வரி, ஆக்சுவல்.

(அகராதி 'உண்மையான' என்கிறது. போதாது. உண்மைக்கு எதிரே பொய் நிற்கும். ஆக்சுவலுக்கு எதிரே நிற்பது எதிர்பார்ப்பு. நினைத்த விலை ஒன்று, ஆக்சுவல் விலை வேறு. பெயரடை என்றால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டுமே? பலகையில் அந்த இடத்தில், அதுவரை கட்டி முடித்ததன் எண் ஒளிர்கிறது.)

2

"படப்பையில் ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடிய பாண்டிச்செல்வி..."

வேண்டாம். ஓடவிட்டால் பரிதாபப்படுவீர்கள்.

உடன்குடிப் பாண்டிச்செல்வி அன்று முதன்முறையாக லைன் லீடரின் தொப்பியை அணிந்திருந்தாள். ஷிஃப்ட் முடிவதற்குள் ஆக்சுவல் பிளானைத் தொட்டால் தொப்பி அவளுக்கே. இல்லையென்றால் வேறொருத்திக்கு.

3

லைனின் கோடியில் ஒரு சென்சார் கண் இருக்கிறது. அதன் ஒளியை எது மறித்தாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடும். கட்டி முடித்த ஒயரா, வெறும் கையா என்று அதற்குத் தெரியாது. ஷிஃப்ட் முடியும்போது கொஞ்சம் குறைந்தால் யாராவது கையை வீசுவார்கள். குறைந்ததை அடுத்த ஷிஃப்ட் சத்தமில்லாமல் கட்டிக் கொடுக்கும். கண்ணுக்கு ஆரத்தி என்று இதற்குப் பெயர்.

அன்று நாலு குறைந்தது. பலகையில் எண் சிவப்பாக எரிந்தது.

"ஒரு ஆரத்தி காட்டுடீ," என்றாள் பக்கத்தில் நின்ற ஜெயலட்சுமி. "தொப்பி ஒனக்கு நல்லாத்தான் கீது."

"நாலு காருக்கு ஒயர் இல்லக்கா. என் கையவா மாட்டி ஓட்டுவாவ?"

"பெரிய கலெக்டரு!"

"கலெக்டரு இல்ல. இன்னைக்கு லீடரு."

சூப்பர்வைசர் திருநாவுக்கரசு வந்தார். "இன்னாம்மா, செவப்புல நிக்குது?"

[இங்கே "ஆக்சுவலா சார், கனெக்டர் வர லேட்டு..." என்று அவளைப் பேசவைத்தேன். அடித்துவிட்டேன். நம் ஊரில் 'ஆக்சுவலா' என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் சாக்கில்தான் முடியும்.]

"நாலு கம்மி சார். கட்டுனது அம்புட்டுதான்."

4

முடிவு ஒன்று: தொப்பி நிலைத்தது; கைதட்டல். முடிவு இரண்டு: மறுநாள் பழைய இடத்தில் நின்று டேப் சுற்றினாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் திருநாவுக்கரசுக்குப் பதிலாக நானே பேச வேண்டியிருந்தது. அதுவும் ஓர் ஆரத்திதான்.

நடந்தவரை சொல்கிறேன். அடுத்த ஷிஃப்ட் லீடர் மஞ்சுளா உள்ளே வந்தாள். "எங்க தலைல எத்தினி கட்டிவுட்டுக்கீறீங்க?" என்றாள், வழக்கம்போல.

"ஒண்ணுமில்லக்கா. பலகையில உள்ளதுதான்."

மஞ்சுளா அண்ணாந்து சிவப்பு எண்ணைப் படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை படித்தாள். திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார்.

பாண்டிச்செல்வி தொப்பியை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அவர் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். அவளைக் குனியவைக்க மட்டும் முயலாதீர்கள். நான் முயன்றேன், முடியவில்லை.