கீரி ஏலத்தில் பூசணித் துறை

சண்டை முடிந்து இரண்டாம் வருஷம் கொழும்புப் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போனது. கீரி என்ற கடலோர ஊரில் கிறகரியின் குசினிக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. பங்குக்கும் கூரைக்கும் சேர்த்து ஒரே காசுதான். அதுவும் மனைவி லூசியாவின் அலுமாரிக்குள்.

கிறகரி முப்பது வருஷம் கொழும்பில் தபால் கந்தோரில் இருந்துவிட்டு, அந்த வருஷம்தான் இளைப்பாறி ஊருக்கு வந்தவர். விலையைப் பார்த்துப் பங்கு வாங்குகிறவன் மடையன் என்பது அவருடைய கொள்கை. காசு எந்தத் துறையை விட்டு எந்தத் துறைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஓடினால் பெரிய கைகள் பயந்துவிட்டன, சந்தை விழும். ஹோட்டலுக்கும் வங்கிக்கும் ஓடினால் துணிந்துவிட்டன, ஏறும். இப்போது ஹோட்டலுக்குத்தான் ஓடுகிறது.

"கொழும்பிலை ஓடுற காசு இஞ்சை இருந்து உங்களுக்குத் தெரியுதோ?" என்றாள் லூசியா.

"கணக்குத் தெரிஞ்சாக் காணும். சாமானையோ ஆளையோ பாக்கத் தேவையில்லை."

"அப்ப நாளைக்கு அந்தோனியார் திருநாள் ஏலத்துக்கு வராதேங்கோ. வீட்டிலை இருந்து ஸ்பீக்கரைக் கேட்டு, எது ஏறுமெண்டு சொல்லுங்கோ. சரியெண்டால் அலுமாரித் திறப்பு உங்களுக்கு. பிழையெண்டால் கூரைக்குத் தகரம்."

கிறகரிக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பையே பிடித்தவருக்குக் கீரியா?

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஏலம் கூறும் படகு முதலாளி, சம்மாட்டி யாகப்பரின் குரல் ஸ்பீக்கரில் ஊரெல்லாம் கேட்டது. முதலில் பாரை மீன். நல்ல விலை. பிறகு சேவல். சுமார். பிறகு பூசணி, ஐந்நூறு ரூபாய். அடுத்தும் பூசணி, ஆயிரம். நடுவில் ஒரு கணவாய் வந்து அடிமாட்டு விலைக்குப் போனது. மறுபடியும் பூசணி, இரண்டாயிரம்!

கிறகரி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். முசலிப் பக்கம் இந்த முறை பூசணி நல்ல விளைச்சல் என்று கேள்விப்பட்டிருந்தார். இத்தனை பூசணி வந்தும் விலை இறங்கவில்லையே! மீனை விட்டுக் காசு மரக்கறிக்குள் பாய்கிறது. பூசணி மூவாயிரத்தைத் தாண்டியபோது அவரால் பொறுக்க முடியவில்லை. ஏலத்தடியில் நின்ற கூட்டாளி அபூசாலிக்குப் போன் போட்டார். அபூசாலி கருவாட்டு வியாபாரி.

"அபூசாலி, பூசணி இன்னும் ஏறும். அங்கை நிக்கிற லூசியாவிட்டைச் சொல்லு. அடுத்ததை எனக்குக் கேள்."

"அண்ணன், அது பூசணி."

"தெரியும். விடாதை!"

நாலாயிரம், ஐயாயிரம். ஆறாயிரத்தில், "கிறகரி ஐயாவுக்கு... மூண்டு தரம்!" என்று ஸ்பீக்கர் முழங்கியது. மாதப் பென்சனில் ஒரு நல்ல துண்டு போய்விட்டது. ஆனாலும் வெற்றி!

போனில் அபூசாலி குரலைத் தாழ்த்தினான். "அந்தோனியாருக்குத் திருப்பிக் குடுக்கட்டோ?"

"விசரோ உனக்கு? ஏறுற சாமானை ஆரும் திருப்பிக் குடுப்பினமோ? கொண்டு வா!"

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு யாகப்பர், நம்ப முடியாத குரலில், "ஏலம்... முடிஞ்சுது" என்றார்.

அபூசாலி பூசணியைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு வந்தான். பின்னால் லூசியா. வாசல் படலையடியில் அரைவாசி ஊர்.

"மற்றப் பூசணியளை ஆர் ஆர் எடுத்தவை?" என்றார் கிறகரி.

"எந்த மற்றப் பூசணி?"

"நாலஞ்சு பூசணி வித்ததே!"

"எல்லாம் இதுதான் அண்ணன். எடுக்கிறவர் கோயிலுக்கே திருப்பிக் குடுப்பார். யாகப்பர் திரும்ப ஏலம் கூறுவார். போன வருசம் இப்பிடி ஒரு தேங்காய் பொழுதுபடும்வரை ஓடினது. வீட்டை கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான்."

"பக்கத்து வீட்டு வலன்ரைன் அடுத்த முறை கேக்கப் பத்தாயிரத்தோடை வரிசையிலை நிண்டவர்," என்றாள் லூசியா. "அழாக்குறையாப் போறார்."

கிறகரி பூசணியைப் பார்த்தார். முப்பது வருஷமும் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் ஊருக்கு வந்துபோனவருக்கு ஆனி மாதத்து ஏலம் எப்படித் தெரியும்?

"ஏறுமெண்டு சொன்னன், ஏறினதுதானே?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"ஏறினது. நீங்கள் பிடிச்ச உடனை நிண்டுட்டுது."

"அபூசாலி, அரை விலைக்கு எடுக்கிறியோ?"

"நான் கருவாட்டுத் துறை அண்ணன்."

லூசியா தகரக் கடைக்குப் போன் போட்டுவிட்டு, கத்தியைக் கொண்டுவந்து பூசணிக்குப் பக்கத்தில் வைத்தாள். கிறகரி கத்தியை எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"லூசியா, அந்த ஹோட்டல் பங்கும் ஒரே பூசணிதானோ?"

"எனக்கென்ன தெரியும்? கறிக்கு வெட்டுங்கோ. படலையிலை நிக்கிற சனமும் சாப்பிடத்தான் நிக்குது."