புதன்கிழமைக் கட்டு

சின்னவளுக்குப் பயம் கூடப்பிறந்த நோய். லிஃப்டில் ஏறப் பயம், பல்லிக்குப் பயம், அகால நேரத்தில் போன் அடித்தால் எடுக்கப் பயம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர் கண்ணில் விளக்கடித்துப் பார்க்கும்போது அவர் சட்டென்று தும்மிவிடுவாரோ என்று அதற்கும் பயம். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்பார்களே, ஆகும், நானே சாட்சி என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

புலி அவள் அம்மா. ஒரு கிளினிக்கில் ஆயாவாக இருந்தவள். கூட்டிப் பெருக்கிய நேரம் போக நர்ஸுகள் பக்கத்தில் நின்று நின்றே புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டாள். ஓய்வு பெற்ற பிறகாவது காலை நீட்டி உட்கார்ந்தாளா? எங்கே! நடக்க முடியாதவர்களின் வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றினாள். ஏதாவது கொடுக்க வந்தால், கடவுள் சும்மா கொடுத்த கை, இதை நான் வாடகைக்கு விடுவதா என்பாள்.

புதன்கிழமை என்றால் டயர் கடை மாடியில் இருக்கும் சலூன்காரரின் முறை. அவருக்குப் பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண். மூக்கு நுனியில் கோபம். சலூன் நடத்திய காலத்தில் பாதி வெட்டிய தலையோடு ஆட்களை விரட்டியவர். கடை போயிற்று, மனைவி போனாள், கோபமும் ஒரு சவரக் கத்தியும் மட்டும் போகவில்லை. மருந்து கொண்டுவந்த ஒருவரை அந்தக் கத்தியைக் காட்டியே படியிறக்கியிருக்கிறார். அங்கே மட்டும் போகாதே அம்மா என்று சின்னவள் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறாள். கடவுள் என் கூடவே படியேறுகிறார் என்று அம்மா சொல்லிவிடுவாள். அவருக்கென்ன, அவரை யார் வெட்டப்போகிறார்கள் என்று சின்னவள் முணுமுணுப்பாள்.

அந்த அம்மா ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்துக்குக் காலில் கட்டோடும் கைத்தடியோடும் வந்த கூட்டத்தைப் பார்த்து அக்கம்பக்கமே வாயடைத்துப் போனது. பயம் என்றால் என்னவென்றே அறியாதவள் எங்கள் அம்மா என்று அண்ணன் பேசினான். எல்லோரும் அழுதார்கள். சின்னவள் அழவில்லை. அழுதுவிட்டால் அம்மா போனது உறுதியாகிவிடும் என்று அதற்கும் பயந்தாள்.

அண்ணன் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த புதன்கிழமையில் டயர் கடைக்காரர் போன் செய்தார். மாடியில் இருப்பவர் காலையிலிருந்து ஜன்னலில் நின்று அக்கா எங்கே, அக்கா எங்கே என்று கத்துகிறாராம். போன வாரமும் கட்டு மாற்றவில்லை, கால் நாற ஆரம்பித்துவிட்டதாம். அக்கா இறந்த செய்தியை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. தன் டயர் கடையில் தடிமாடு மாதிரி மூன்று ஆட்கள் இருந்தும் ஒருவனும் படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறானாம். நீங்கள்தான் மகள், நீங்கள் வந்து சொல்லிவிடுங்கள் என்றார்.

வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, அம்மாவின் கட்டுப் பையைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டு சின்னவள் கிளம்பினாள். பாதிப் படி ஏறினாள். இரண்டு முறை திரும்பி இறங்கினாள். கீழே மூன்று தடிமாடுகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் வெட்கப்பட்டு மறுபடியும் ஏறினாள்.

அவள் தட்டுமுன்பே கதவு திறந்தது. சலூன்காரரின் ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. கையில் கத்தி. அவர் பையைப் பார்த்தார், பையைப் பிடித்திருந்த கையோடு சேர்த்து அவளை உள்ளே இழுத்தார், தாழ்ப்பாளைப் போட்டார். திட்டம் அதோடு முடிந்தது.

"இது அக்கா பை. உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

மகள் என்றாள். அம்மா தவறிவிட்டாள் என்றும் சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் நம்பவில்லை. வீட்டில் போக வேண்டாம் என்கிறார்கள் என்று அக்காவே சொன்னாளாம். பூட்டி வைத்துவிட்டு இப்போது செத்துவிட்டாள் என்று கதை விடுகிறாயா என்று கத்தினார். கத்தும்போது கத்தியும் சேர்ந்து ஆடியது. நுரை சொட்டிச் சட்டையில் விழுந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றிருந்தார்.

"அக்கா மகள்னா ஒண்ணு சொல்லு. என் காலைத் தொடுறதுக்கு முன்னாடி வாரா வாரம் ஒரு வார்த்தை சொல்லுவா. அது என்ன?"

சின்னவள் மூளையைத் துழாவினாள். எல்லாரையும் காப்பாத்து என்று அம்மா விளக்கணைக்கும் முன் சொல்வதைச் சொன்னாள். இல்லை என்றார். சீக்கிரம் ஆறிடும் என்பாளா? இல்லை. கடவுள் பார்த்துக்குவார்? அதுவும் இல்லை. பயத்தில் நாக்கு அவிழ்ந்துகொண்டது; கேட்காததையெல்லாம் சொன்னாள். கட்டுத் துணியை அம்மா வெந்நீரில் கொதிக்கவைத்து மாடியில் தனிக் கொடியில் காயப்போடுவது, யாரையும் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது, சாப்பிடும்போதுகூட இன்னார் கால் எப்படியிருக்கிறதோ என்று பாதிச் சோற்றில் எழுந்துவிடுவது. சொல்லச் சொல்ல அம்மா அந்த அறையில் நிற்பது போலிருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் நகரவில்லை.

"கையைச் சூடு பண்றது யாருக்கும் தெரியும். அந்த வார்த்தையச் சொல்லு."

ஒரு அடி முன்னால் வந்தார். சின்னவளின் முதுகு சுவரில் முட்டியது. கத்தியின் விளிம்பில் சோப்போடு ஒட்டியிருந்த நரைமயிர்கூடத் தெரிந்தது. அம்மாவாக இருந்தால் ஏதாவது பெரிதாகச் சொல்லியிருப்பாள், தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. இருந்ததைச் சொன்னாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. முதல்ல அந்தக் கத்தியத் தள்ளி வைங்க."

அவர் கை அப்படியே நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய்க் கத்தியை மடக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எப்படிப் போனா?"

தூக்கத்திலேயே என்று சொன்னாள். வலித்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். ஒரு பக்கக் கண்ணீர் நுரையில் கலந்து வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

தாழ்ப்பாள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சின்னவள் அதைத் திறந்தாள். கதவை அகலத் திறந்துவைத்தாள். கீழே யாரோ டயரைத் தட்டும் சத்தம் கேட்டது. போயிருக்கலாம். ஆனால் அவர் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துவிட்டிருந்தார், கட்டுத் துணி மஞ்சளாக ஊறிக் கிடந்தது. அம்மா இதைப் பார்த்தால் துடித்துப்போவாள் என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள்.

உள்ளங்கைகளைத் தேய்த்தாள். சூடாகவில்லை, பனிக்கட்டியாக இருந்தன. கத்தரியைத் துணிக்கடியில் நுழைக்க முடியாமல் கை உதறியது. புண்ணில் குத்திவிடுவோமோ, அவர் எட்டி உதைப்பாரோ, கத்தியை எடுக்க ஜன்னலுக்குப் போய்விடுவாரோ என்று கண்ணை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டினாள். மன்னிச்சுக்கங்க மாமா, கை நிற்க மாட்டேங்குது என்றாள். மாமா என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நிக்கலைன்னா என்ன? மெதுவா வெட்டு. அக்காவுக்கு மட்டும் நின்னுச்சா?"

சின்னவள் நிமிர்ந்தாள். "அம்மாவுக்குக் கை நடுங்குமா?"

"நடுங்கும். படியிலேயே மூச்சு வாங்க நின்னு கடவுளக் கூப்பிடுவா, எனக்கு இங்க கேக்கும். உள்ள வந்ததும் நீ சொன்ன அதே வார்த்தைதான், பயமா இருக்கு தம்பி, கத்தியத் தள்ளி வைன்னு. நானும் நினைச்சேன், போகப் போகச் சரியாயிடும்னு." அவர் தலையை ஆட்டினார். "கடைசி வாரம் வரைக்கும் நடுங்கிக்கிட்டேதான் வந்தா."

சின்னவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே வெட்டினாள்.