மதாம் ழனெத்தின் வலது கன்னம்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் மதாம் ழனெத் வீட்டு முன்னறையில் பதினெட்டு வருஷமாக பிரெஞ்சு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கல்யாணம் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறவர்கள், வேலை தேடிப் போகிறவர்கள் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ழனெத்துக்கு ஐம்பத்தொரு வயது. பாடம் எடுத்தால் வாய், கன்னம், புருவம் எல்லாம் சேர்ந்து பேசும். உதட்டைக் குவித்தால் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். "வாயைத் திறக்கக் காசு கேக்குறாங்களா? நல்லா திற" என்பாள் கூச்சப்படும் மாணவர்களிடம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. புற்று இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறது, கொஞ்ச நாள் முகம் தளர்ந்து போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. கண் விழித்தபோது முகத்தின் வலது பாதி அசையவில்லை.

"நரம்பு அறுபடலம்மா. ஆனா கட்டி அதைச் சுத்திக்கிட்டிருந்ததால ரொம்ப இழுபட்டிருக்கு" என்றார் டாக்டர். "ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று அவளுக்கு உறைத்தது. வலது கண் மூடவில்லை. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, படுக்கும்போது இமைமேல் பிளாஸ்திரி. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. காப்பி குடித்தால் வலது ஓரமாக வழிந்து ரவிக்கையில் இறங்கியது. 'ப' என்று சொன்னால் பாதிக் காற்று பக்கவாட்டில் போனது.

அவள் புருஷன் வின்சான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். மூன்றாம் நாள் கடையில் இருந்து ஸ்ட்ரா பாக்கெட் ஒன்று வாங்கிவந்தார். அவள் டம்ளரில் ஒன்றைப் போட்டார், தன் டம்ளரிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். சூடான காப்பியின் முதல் உறிஞ்சலிலேயே அவர் நாக்கு வெந்துபோனது.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் ழனெத்.

"நல்லாத்தான் இருக்குது" என்று கண்ணில் நீரோடு மறுபடி உறிஞ்சினார் வின்சான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியதும் சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். அன்றைக்கே வகுப்பை நிறுத்திவிட்டாள். மாதா கோயில் பூசைக்கும் போகவில்லை. வாசலுக்குப் போனாலும் மாஸ்க் போட்டுக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம் செம்மல் வந்து நின்றான். அரியாங்குப்பத்துக்காரன், முப்பத்திரண்டு வயது, ஓட்டல் சமையல்காரன். அவன் மனைவி அமேலி பிரான்சில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். டிசம்பரில் பிரெஞ்சுப் பரீட்சை எழுதிவிட்டு அவளிடம் போய்ச் சேர வேண்டும் என்பது அவன் திட்டம். கையில் புது நோட்டு வைத்திருந்தான்.

"கிளாஸ் இல்லப்பா" என்றாள் ழனெத், மாஸ்க்குக்குப் பின்னால் இருந்து. "வாய் கோணிக்கிட்டுக் கெடக்குது. நான் ப-ன்னு சொன்னா எனக்கே வெளங்கல. உனக்கு இன்னா சொல்லிக் குடுக்குறது?"

"எனக்கு இப்ப ஒண்ணுமே வராது மதாம். நீங்க பாதி சொன்னாக்கூட எனக்கு அது ஜாஸ்திதான்."

உள்ளே இருந்து வின்சான் சிரிக்கும் சத்தம் கேட்டது.  "நாளைக்கு அஞ்சு மணிக்கு வா" என்றாள் ழனெத்.

செம்மல் வருவது தெரிந்து பழைய மாணவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இரண்டு வாரம் மாஸ்க்கோடு பாடம் நடந்தது. பிரெஞ்சு 'உ' வந்தபோதுதான் எல்லாம் சிக்கிக்கொண்டது. அது தமிழில் இல்லாத ஓசை. நாக்கு 'இ' என்று சொல்ல வேண்டும், அதே நேரம் உதடு 'உ' என்று குவிய வேண்டும். உதட்டைப் பார்க்காமல் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. புதுச்சேரித் தெருப் பலகைகளில் தெரு என்பதற்குப் போட்டிருக்கும் 'ரூ' தானே என்று செம்மல் தைரியமாகச் சொல்லிப் பார்த்தான்.

"நீ சொன்னது தெரு இல்ல, சக்கரம்" என்றாள் ழனெத். "நான் சக்கரத்துல குடியிருக்கேன்னு சொல்ற."

பத்து முறை சொல்லியும் செம்மல் சக்கரத்தை விட்டு இறங்கவில்லை. கடைசியில் ழனெத்துக்குப் பொறுக்கவில்லை. மாஸ்க்கைக் கழற்றினாள். கையில் இருந்த நோட்டால் முகத்தின் வலது பாதியை மறைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்தை மட்டும் பாருங்க. அந்தப் பக்கம் லீவுல இருக்குது."

 யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தன் முகத்தைப் பற்றி அவளே வேடிக்கையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நெஞ்சு லேசானது போல இருந்தது. அன்று முதல் நோட்டு வலது கன்னத்தை மறைத்திருக்கும், பாதி வாய் பாடம் நடத்தும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் செம்மல் தாமதமாக வந்தான். ஜன்னல் ஓரம், மதாமின் வலது கைப்பக்கம், ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தால் நோட்டு மறைக்காது. ழனெத் அதைக் கவனிக்கவில்லை. 'உ' சொல்லிக்காட்டினாள்.

"மதாம், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றான் செம்மல்.

சொன்னாள்.

"அந்தப் பக்கமும் அசையுது மதாம்."

"வெளையாடாத."

"சத்தியமா. வாய் ஓரத்துல, லேசா."

ழனெத் நோட்டைக் கீழே வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றாள். உதட்டைக் குவித்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி குவித்தாள். வலது உதட்டோரத்தில், தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல ஓர் அசைவு. அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் அது வந்தது. ஐந்து மாதமாகத் தன்னுடையதே இல்லை என்று நினைத்திருந்த கன்னம், சொன்னபடி கேட்டது.

சமையலறையில் இருந்து வின்சானைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் முகத்துக்கு அரை அடி தூரத்தில் குனிந்தார்.

"சொல்லு."

"உ" என்றாள்.

"இன்னொரு வாட்டி."

பின்னால் மாணவர்கள் ஆறு பேரும் எழுந்து வந்து கண்ணாடிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வின்சான் நிமிர்ந்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் பேக்கரிப் பெட்டி இருந்தது. எல்லோருக்கும் சூடான பப்ஸ். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் ழனெத் விடியற்காலையில் இருந்து கண்ணாடியே கதியாகக் கிடந்தாள். பதினெட்டு வருஷமாக மாணவர்களுக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள்: நல்லா திற, நல்லா இழு. அவளுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் கலைமகள் முப்பது வயதுப் பெண், கண்டிப்பானவள். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூஞ்சியப் பிழியாதீங்க மதாம். இது துணி இல்ல. கொஞ்சமா, மெதுவா பண்ணுங்க. கன்னம் கடுகளவு அசைஞ்சா போதும், அதோட நிறுத்திடணும்."

"எனக்குச் சின்னதா எதுவும் பண்ணத் தெரியாதே."

"கத்துக்குங்க" என்றாள் கலைமகள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் கன்னம் ஏறியது, இமை முக்கால்வாசி மூடியது, ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டார்கள். வின்சான் மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு வாரம் அதைத் தேடினார். கூடவே ஒரு புது வேடிக்கையும் வந்து சேர்ந்தது. ழனெத் மாஸ்க் இல்லாமல் முதல் தடவையாகப் பூக்கடைக்குப் போனாள். "ரெண்டு முழம் பூ குடு" என்றாள். 'பூ' என்று உதடு குவிந்ததும் வலது கண் தானாக மூடித் திறந்தது. பூக்காரி செல்வாம்பாள் கையில் சரத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தானும் ஒரு கண்ணை அடித்துவிட்டு, ஒரு சாண் அதிகமாகவே அளந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ழனெத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலைமகளிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

"நரம்பு திரும்ப வளர்றப்ப வழி மாறிடும் மதாம். வாய்க்குப் போக வேண்டிய ஒயரு ஒண்ணு கண்ணுக்குள்ள பூந்துடுச்சி. பாதி உதடு குவிங்க, கண்ணைத் திறந்தே வைங்க. கண் மூட ஆரம்பிச்சா நிறுத்திட்டு மறுபடி மொதல்லேர்ந்து. மெதுவா பழகிடும்."

கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ழனெத் பாதி 'உ', கால் 'உ' சொல்லிப் பழகினாள். நாளாக ஆக ஒன்று புரிந்தது. சின்னதாகக் குவித்தாலே ஓசை சுத்தமாக வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் யாரும் அப்படி உதட்டை நீட்டிக்கொண்டு பேசுவதில்லை. இத்தனை வருஷம் தான்தான் ஊரைக் கூட்டியிருக்கிறோம் என்று வின்சானிடம் சொன்னாள். "எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர்.

டிசம்பரில் செம்மல் பரீட்சைக்குப் போனான். எழுத்துத் தேர்வு காலையில், வாய்மொழித் தேர்வு மதியம். மூன்றரை மணிக்கு நேராக ழனெத் வீட்டுக்கே வண்டியை விட்டான். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

"இன்னா ஆச்சி?" என்றாள் ழனெத்.

"நல்லாத்தான் பேசினேன் மதாம். ஆனா கேள்வி கேட்ட அந்தம்மா நடுவுல நிறுத்தி, கண்ணுல ஏதாச்சும் விழுந்துடுச்சான்னு கேட்டாங்க."

"கண்ணுல இன்னா?"

"ஒவ்வொரு 'உ'வுக்கும் நான் கண்ணடிச்சிருக்கேன். எனக்கே தெரியல. உங்களைப் பாத்துப் பாத்து, 'உ'ன்னா அப்படித்தான்னு படிஞ்சிபோச்சி போல."

ழனெத் வாயைப் பொத்திக்கொண்டாள். வின்சான் சிரிப்பு தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னா சொன்ன?"

"உண்மையத்தான் சொன்னேன். எங்க மதாமுக்கு ஆபரேஷன் ஆச்சி, நரம்பு தூங்கிப்போச்சி, பாதி வாயில பாடம் சொன்னாங்க, ஜூன் மாசம் கன்னம் அசைஞ்சது, நான்தான் மொதல்ல பாத்தேன்னு. எல்லாம் பிரெஞ்சுலயேதான். நீங்க சொல்லிக் குடுத்த இறந்தகாலம் மொத்தமும் அதுல செலவாயிடுச்சி. குடுத்த நேரம் முடிஞ்சும் அந்தம்மா நிறுத்தல. அப்புறம் இப்ப எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க."

"நீ?"

"சிரிக்கிறாங்கன்னு சொன்னேன்."

அப்போதுதான் ழனெத் தன் கை முகத்தில் இருப்பதைக் கவனித்தாள். கையை எடுத்தாள். வாய் விட்டுச் சிரித்தாள், வலது கன்னம் வலிக்கிற அளவுக்கு. இடது பக்கத்தைவிட அது கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது, கண்ணும் பாதி மூடிக்கொண்டது. இருந்தாலும் முழுச் சிரிப்பு. செம்மலுக்கு வாய்மொழியில் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று வந்தது என்று மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது.

பிப்ரவரியில் செம்மல் விமானம் ஏறினான். அதே வாரம் ழனெத், முகம் சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டு வந்த ஒரு வேலையை எடுத்தாள். அவளுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கருநீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வின்சானோடு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற முகிலன் ஒரு படம் எடுத்தான், திரையைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"சிரிக்கக் கூடாது மதாம். பாஸ்போர்ட்டுக்கு வாய் நேரா இருக்கணும். இல்லாட்டி திருப்பி அனுப்பிடுவாங்க."

"சரிப்பா" என்று ழனெத் முகத்தை நேராக்கிக்கொண்டாள். இரண்டாவது படமும் கெட்டது. மூன்றாவதில் வலது உதட்டோரம் மட்டும் மேலே ஏறியிருந்தது.

"என்னால நிறுத்த முடியல" என்றாள். "அவரை வெளியே போகச் சொல்லு. அவர் மூஞ்சியப் பாத்தாத்தான் வருது."

வின்சான் வெளியே போய் வெயிலில் நின்றார். கதவு சாத்தியிருந்தும் அவள் சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. உள்ளே முகிலன் ஏழாவது படத்துக்குப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.